டேர்சியில் ஸ்காட் துரைக்கு ஒரு பலகைகூட இல்லை

எங்கள் யாங்கோன் தாம்வே வட்டாரத்துப் பையன்களிடம் பர்மாவுக்குக் கால்பந்தைக் கொண்டுவந்தது யார் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். நான் டவுன்ஷிப் ஆட்டங்களில் லைன்ஸ்மேனாகக் கொடி பிடித்துக்கொண்டு ஓடியவன். அதனால் எனக்கு அந்தப் பெயர் இளவயதிலிருந்தே மனப்பாடம். ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்காட். 1870களின் கடைசியில் அன்றைக்கு ரங்கூன் என்ற எங்கள் யாங்கோனில், செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் வாத்தியாராக இருந்தவர். பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் சொல்லிக்கொடுத்தார், ஊர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அப்போது நம் காளி கோயில் கட்டிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. கோயில் இருக்கும் அனவ்ரதா ரோட்டுக்கு அன்றைக்கு ஃபிரேசர் தெரு என்று பெயர்.

இந்த ஸ்காட் 1851ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் அன்று பிறந்த ஊர் டேர்சி. ஸ்காட்லாந்தில் ஃபைஃப் என்ற மாவட்டத்தில், கூப்பர் என்ற டவுனுக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கும் நடுவில் உள்ள சின்னக் கிராமம். அவருடைய அப்பா அந்த ஊர் தேவாலயத்தின் போதகர்.

அண்ணன் மகள் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் நர்ஸாக இருக்கிறாள். "வந்து கொஞ்ச நாள் இருந்துட்டுப் போங்க சித்தப்பா" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போதைய நிலைமையில் யாங்கோனை விட்டுக் கிளம்புவது தனிப் புராணம், அதை இங்கே அவிழ்க்கப் போவதில்லை. எப்படியோ போய்ச் சேர்ந்தேன். எடின்பரோ கோட்டை பார்க்கலாமா, ஏரி பார்க்கலாமா என்று பட்டியல் போட்டு வைத்திருந்தாள். நான் டேர்சி என்றதும் ஃபோனை எடுத்துத் தேடினாள்.

"வீட்லேர்ந்து அரை மணி நேரம்கூட இல்ல. ஆனா அங்க என்ன சித்தப்பா இருக்கு?"

"போய்ப் பார்த்தால்தானே தெரியும்?"

டண்டீயிலிருந்து ஃபைஃபுக்குப் போக டே நதியைக் கடக்க வேண்டும். நதி என்றால் சும்மா இல்லை, கடலோடு கலக்கிற இடம் என்பதால் இங்கே யாங்கோன் ஆற்றில் தல்லாவுக்கு ஃபெர்ரியில் போகும்போது தெரிகிற அகலத்தைவிட அதிகம். கார்ப் பாலத்தில் போகும்போது மேற்கே ரயில் பாலம் தெரியும். அதன் பக்கத்திலேயே தண்ணீருக்கு மேல் வரிசையாகக் கல் மொட்டைகள் நிற்கின்றன. பழைய பாலத்தின் தூண்கள் நின்ற அடிகள் அவை. 1879 டிசம்பர் 28, ஞாயிறு ராத்திரி, புயலில் பாலத்தின் நடுப்பகுதி சரிந்து, மேலே போய்க்கொண்டிருந்த ரயில் அப்படியே ஆற்றில் விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. புதுப் பாலம் 1887இல் வந்தது. பழைய அடிகளைப் பிடுங்காமல் விட்டுவைத்திருக்கிறார்கள். அவள் தினமும் பார்க்கிற காட்சி என்பதால் ரேடியோவை மாற்றிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண்ணை எடுக்க முடியவில்லை.

டண்டீ சணல் ஊர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வங்காளத்துச் சணல் கப்பலேறி இங்கே வந்து சாக்காகியது. ரங்கூன் அரிசி ஏற்றுமதியான காலத்தில் சாக்கு இல்லாமல் ஒரு மணி நகராது. ஸ்காட்லாந்துக்காரர்கள் பர்மாவில் கை வைக்காத தொழில் குறைவு. ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனியின் தலைமை கிளாஸ்கோவில்தான். அதன் கப்பல்களில் பலவற்றை டம்பார்ட்டனில் டென்னி கம்பெனி செய்து, பகுதி பகுதியாகக் கழற்றி அனுப்ப, ரங்கூனில் சேர்த்துப் பூட்டினார்கள். என் தாத்தா தல்லா டாக்யார்டில் அப்படி ஆணி அடித்தவர்களில் ஒருவர். 1942இல் ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் கம்பெனிக்காரர்களே ஆற்றில் மூழ்கடித்த கப்பல்களில் அவர் பூட்டியதும் இருந்திருக்கும். அதைச் சொல்லும்போதெல்லாம் வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் மேலே பேசுவார்.

போகிற வழியில் லூக்கர்ஸ். அண்ணன் மகள் நிறுத்தாமல் போயிருப்பாள், நான்தான் கத்தி நிறுத்தச் சொன்னேன். சின்ன மேட்டின் மேல் செயின்ட் அதர்னேஸ் தேவாலயம், 12ஆம் நூற்றாண்டு. முன்பக்கத்தைப் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. சுற்றிப் பின்பக்கம் போக வேண்டும். அரைவட்டமாக வளைந்த சுவர், அதில் மேலும் கீழுமாக இரண்டு வரிசை வளைவுகள், கூரைக்குக் கீழே ஓரமாகக் கல்லில் செதுக்கிய தலைகள். மனுஷனா மிருகமா என்று சொல்ல முடியாத மூஞ்சிகள். ஒன்று பல்லைக் காட்டுகிறது, ஒன்றுக்கு மழையில் மூக்கே போய்விட்டது. கோபுரம் மட்டும் 1700 வாக்கில் பிற்பாடு வைத்தது, அது தனியாகத் தெரிகிறது. அதே ஊரில் ராணுவ முகாம் வேறு. வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டகைகள், இந்தப் பக்கம் அந்த மூஞ்சிகள்.

அப்புறம் டேர்சி. உண்மையைச் சொன்னால், ஊருக்குள் நுழைந்ததும் அண்ணன் மகள் கேட்ட கேள்விதான் எனக்கும் வந்தது. பெரிய ரோடு ஊருக்கு நடுவில் போகிறது, இரண்டு பக்கமும் சாம்பல் கல் வீடுகள், ஜன்னலில் தொட்டிச் செடி. ஸ்காட் பெயரில் பலகை, சிலை, தெரு ஏதாவது இருக்குமா என்று நடந்து பார்த்தோம். கண்ணில் எதுவும் படவில்லை.

ஆனால் பார்க்க வேண்டியதெல்லாம் அந்த ரோட்டில் இல்லை. தெற்கே ஒரு சந்து இறங்குகிறது. ஒரு பக்கம் பச்சை பார்லி, ஒரு பக்கம் உருளைக்கிழங்கு. கொஞ்ச தூரத்தில் ஈடன் ஆறு, அதன் கரையில் பழைய தேவாலயம், கோட்டை, பாலம் மூன்றும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன. ஸ்காட்டின் அப்பா பிரசங்கம் செய்த கோயில் இதுதான்.

கதவு பூட்டு. உள்ளே விடுவதில்லை. ஆனால் வெளியே நின்றே ஒரு மணி நேரம் போய்விட்டது. 1621இல் இதைக் கட்டியவர் ஜான் ஸ்பாட்டிஸ்வுட், செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராயர். ஸ்காட்லாந்துத் திருச்சபையை இங்கிலாந்துத் திருச்சபைபோல ஆக்கிவிட வேண்டும் என்பது அன்றைய ராஜாவின் ஆசை. பேராயர் அந்த ஆசைக்கு இங்கே மாதிரி கட்டிக் காட்டினார். ஜன்னல்களைப் பாருங்கள். கூரிய வளைவுக்குள் முழுக் கல் பலகை, அதில் வட்ட வட்டமாகத் துளைகள். நூறு வருஷமாக அந்தப் பாணியில் யாரும் கட்டாமல், கொத்தனார்கள் ஞாபகத்திலிருந்து செய்த மாதிரி ஒரு முரட்டுத்தனம். எனக்கு அதுதான் பிடித்தது. தென்மேற்கு மூலையில் எட்டுப் பட்டை மணிக்கோபுரம், சுவரிலிருந்து வெளியே பிதுங்கி நிற்கிறது. மேற்குக் கதவுக்கு மேல் லத்தீனில் சங்கீத வரி. உம்முடைய வீட்டின் அழகை நேசித்தேன் என்று அர்த்தமாம், அண்ணன் மகள் ஃபோனில் பார்த்துச் சொன்னாள்.

ஊர்க்காரர்கள் அந்த அழகை நேசிக்கவில்லை. பிஷப்பும் வேண்டாம், அலங்காரமும் வேண்டாம் என்ற கட்சி கை ஓங்கியதும், ஸ்பாட்டிஸ்வுட் நாட்டைவிட்டே போக நேர்ந்தது. 1633இல் முதலாம் சார்லஸுக்கு எடின்பரோவில் முடிசூட்டியவர், 1639இல் லண்டனில் செத்தார். கோயிலுக்குள் அவர் வைத்த அலங்காரங்களையும் பிறகு அகற்றினார்கள். கட்டடம் மட்டும் அவரை விரட்டியவர்களின் கோயிலாகவே முந்நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஸ்காட்டின் அப்பாவும் அந்தக் கட்சிக்காரர்தான்.

கோட்டை இரண்டடி தள்ளி. பேராயர் வாங்கி வசித்த வீடு. நான் பார்த்த பழைய படங்களில் இடிந்த சுவர், கொடி படர்ந்த மூலை. இப்போது முழுசாக நிற்கிறது, 1990களில் மறுபடி எழுப்பிவிட்டார்கள். எதிரெதிர் மூலைகளில் உருண்டைக் கோபுரம். தனியார் வீடு, அதனால் வேலியோரம் நின்று பார்க்க வேண்டியதுதான். இந்த இடத்தில் 1335இல் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் கூடியது. ராஜா சின்னப் பையன், அவனைப் பத்திரமாக பிரான்ஸுக்கு அனுப்பிவிட்டு, பெரியவர்கள் இந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஒருவரோடொருவர் சண்டை போட்டிருக்கிறார்கள். புதுச் சுண்ணாம்பு பூசின சுவரைப் பார்க்கிறபோது அந்தக் கூச்சலைக் கற்பனை செய்ய வரவில்லை. இடிந்தபடியே இருந்திருந்தால் வந்திருக்குமோ என்னவோ.

பாலம்தான் எனக்கு. 16ஆம் நூற்றாண்டில் இன்னொரு பேராயர், ஜேம்ஸ் பீட்டன், கட்டியது. மூன்று வளைவு. ஆற்றுக்கு நடுவில் நிற்கும் தூண்கள் தண்ணீரைக் கிழிக்கக் கூர்மையாக முன்னே நீட்டிக்கொண்டிருக்கின்றன. பக்கச் சுவரில் அவருடைய கேடயச் சின்னம், தேய்ந்து போயிருக்கிறது. இன்றைக்கும் வண்டி போகிறது, ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஒரு டிராக்டர் வந்தபோது நாங்கள் சுவரோடு சுவராக ஒட்டி நின்றோம். ஓட்டுகிறவர் ஒரு விரலை மட்டும் ஸ்டியரிங்கிலிருந்து தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். இங்கே அதுதான் வணக்கம்.

பாலத்தடியில் புல்லில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரித்தோம். அண்ணன் மகள் புளியோதரை கட்டியிருந்தாள். நான் யாங்கோனிலிருந்து கொண்டுபோன பலாச்சாங் டப்பாவைத் திறந்தேன். வறுத்த இறாலும் பூண்டும் மிளகாயும் காற்றில் கிளம்பியதும், நாயோடு நடந்து வந்த ஒரு பெரியவர் நின்றுவிட்டார். நின்றது அவரா நாயா என்று தெரியாது, நாய் நேராக டப்பாவைப் பார்த்தது.

எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். பர்மா என்றேன். எதற்கு இங்கே என்றார். அவருக்குப் பேராயர் பீட்டன் தெரியும், ஸ்பாட்டிஸ்வுட் தெரியும், வெள்ளம் வந்தால் ஆறு எந்தக் கல்வரை ஏறும் என்பதுவரை தெரியும். ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்காட்டைத் தெரியாது. மேலே இருந்த கோயிலைக் காட்டி, அந்தப் போதகரின் பிள்ளைதான் எங்கள் ஊருக்குக் கால்பந்து கொண்டுவந்தவர் என்று சொன்னேன். அண்ணன் மகள் மொழிபெயர்க்கத் தயாராக இருந்தாள், தேவைப்படவில்லை. கால்பந்து விஷயத்தில் என் இங்கிலீஷ் நன்றாகவே ஓடும்.

"சரி, அவர் சொல்லிக் கொடுத்தபடி நன்றாக ஆடினீர்களா?" என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார்.

விடுவேனா? 1966 ஆசிய விளையாட்டில் தங்கம். 1970இல் மறுபடியும் தங்கம், தென்கொரியாவோடு பகிர்ந்துகொண்டது. நடுவில் 1968 ஆசியக் கோப்பையில் இரண்டாமிடம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ரஷ்யாவிடமும் மெக்சிகோவிடமும் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றோம், சூடானை இரண்டு கோல் போட்டு அனுப்பினோம். நான் விரல் விட்டுச் சொல்லச் சொல்ல அவர் நாயின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டார். முடித்ததும் அவர் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். 1974 உலகக் கோப்பையில் ஸ்காட்லாந்து ஒரு ஆட்டமும் தோற்கவில்லை, ஆனாலும் கோல் கணக்கில் வெளியே போய்விட்டது. ஜைரேக்கு எதிராக இன்னும் இரண்டு கோல் போட்டிருக்க வேண்டும், சோம்பேறித்தனம் என்று நேற்று நடந்த மாதிரி கோபப்பட்டார். நாங்கள் இருவரும் அந்தக் கோபத்தில் நன்றாகவே ஒத்துப்போனோம். பலாச்சாங் ஒரு சிட்டிகை கேட்டு வாங்கி வாயில் போட்டார், கண்ணில் தண்ணீர் வந்தது, இன்னொரு சிட்டிகை கேட்டார்.

ஸ்காட்டின் மீதிக் கதையை நான் அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்லலாம். அவர் வாத்தியாராகவே இருந்துவிடவில்லை. பர்மியப் புனைபெயரில் பர்மியர் வாழ்க்கையைப் பற்றிப் புத்தகம் எழுதினார், அது இன்றும் படிக்கப்படுகிறது. மேல் பர்மாவையும் வெள்ளைக்காரர்கள் பிடித்த பிறகு ஷான் மாநிலங்களில் அதிகாரியாகப் போய், சாவ்பா என்ற அங்கத்துச் சிற்றரசர்களைப் பணியவைத்து, கோடு கிழித்து, வரி வாங்கி, 1894இல் தவுங்ஜி ஊரை உண்டாக்கினார். 1935இல் இங்கிலாந்தில் செத்தார். அன்பாக எழுதினவரும் துப்பாக்கிப் படையோடு மலையேறினவரும் ஒரே ஆள். எனக்கு இதில் குழப்பம் கிடையாது. ஆட்சிக்குக் கணக்கு வேறு, பந்துக்குக் கணக்கு வேறு. பந்து விஷயத்தில் அந்த ஊருக்கு நாங்கள் கடன்பட்டவர்கள், அதனால் போய்ப் பார்த்தேன்.

இன்னொன்று. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாங்கோன் போஜோ மார்க்கெட்டைக் கடைசிவரை ஸ்காட் மார்க்கெட் என்றே சொன்னார்கள், அது பந்து ஸ்காட்டின் பெயர் என்று சத்தியம் செய்வார்கள். இல்லை. 1926இல் அது கட்டப்பட்டபோது நகராட்சிக் கமிஷனராக இருந்தவர் கேவின் ஸ்காட், அவர் பெயர்தான். ஆக, பந்து ஸ்காட்டுக்கு இரண்டு ஊரிலும் பலகை இல்லை! எனக்கென்னவோ ஆங் சான் ஸ்டேடியத்தின் ஒரு மூலையிலாவது, மேட்ச் பார்க்க வருகிறவன் சிகரெட் பற்றவைக்கும் இடத்தில், சின்னதாக ஒன்று வைக்கலாம் என்று தோன்றுகிறது. கவர்னர், கமிஷனர் பட்டமெல்லாம் வேண்டாம், வாத்தியார் என்று போட்டால் போதும்.

சாப்பிட்ட பிறகு சீரஸ். டேர்சியிலிருந்து தெற்கே கொஞ்சம்தான். அழகான ஊர் என்று எல்லாரும் சொல்லுவார்கள், அழகுதான். ஓடை, அதன் மேல் ஆள் நடக்க மட்டும் ஒரு குறுகிய கல்பாலம், நடுவில் புல்வெளி. இங்கிலாந்தை ஜெயித்த பேனக்பர்ன் யுத்தத்துக்குப் போய்த் திரும்பியவர்களுக்காக 1314இல் தொடங்கியது என்று சொல்லி, இந்தப் புல்வெளியில் ஜூன் கடைசிச் சனிக்கிழமை விளையாட்டுப் போட்டி நடத்துகிறார்கள். ரோடு முக்கில் சுவர்மாடத்துக்குள் தொப்பை வைத்த ஒரு கல் மனிதர் கையில் குவளையோடு உட்கார்ந்திருக்கிறார். ப்ரோவோஸ்ட் என்று பேர். அவரைப் பார்த்து அண்ணன் மகள் தன் மாமனார் பெயரைச் சொன்னாள். அதற்கு மேல் நான் எழுதக்கூடாது.

சீரஸிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் போகிற வழியில் மேகஸ் மூர் என்ற மரக்கூட்டம். வண்டியை ஓரம் கட்டிவிட்டு சேற்றில் நடக்க வேண்டும். 1679 மே 3 அன்று ஜேம்ஸ் ஷார்ப் என்ற பேராயர் மகளோடு குதிரை வண்டியில் வரும்போது, பிஷப் ஆட்சியை எதிர்த்த கட்சிக்காரர்கள் மறித்து, வெளியே இழுத்து, மகள் கண்ணெதிரிலேயே வெட்டிக் கொன்றார்கள். அந்த இடத்தில் கற்களால் ஒரு கூம்பு. கொஞ்சம் தள்ளி வயல் ஓரத்தில் இன்னொரு கல், அதுதான் என்னை உறுத்தியது. வேறொரு சண்டையில் பிடிபட்ட ஐந்து பேரை, இந்தக் கொலையில் சம்பந்தமே இல்லாதவர்களை, பழிக்குப் பழி என்று இங்கே கொண்டுவந்து தூக்கில் போட்டிருக்கிறார்கள். பேராயருக்கு ஒரு கல், அவர்களுக்கு ஒரு கல். கோயிலுக்குள் எப்படிக் கும்பிடுவது என்பதில் நூறு வருஷத்துக்கு மேல் வெட்டிக்கொண்ட ஊர். இவர்களுடைய பேரன்கள்தான் பிற்பாடு நமக்கு வந்து ஒழுங்கு சொல்லிக் கொடுத்தார்கள். சரி, அதை விடுங்கள்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். 1158இல் தொடங்கி, 1318இல் ராபர்ட் புரூஸ் ராஜா முன்னிலையில் அர்ப்பணித்த பேராலயம், 1559இல் சீர்திருத்தக்காரர்கள் புகுந்து சூறையாட, பிறகு ஊர்க்காரர்கள் வீடு கட்டக் கல்லை எடுத்துப் போக, இப்போது இரண்டு முனையில் சுவரும் நடுவில் புல்லும். கோட்டையில் பாறையைக் குடைந்த பாதாளச் சிறை ஒன்று உண்டு, வாய் குறுகி வயிறு அகன்றது. எட்டிப் பார்த்தேன், போதும் என்று வந்துவிட்டேன். கோல்ஃப் மைதானத்தில் கூட்டம். ஐஸ்கிரீம் வரிசை அதைவிடக் கூட்டம். காலையில் டேர்சி பாலத்தில் ஒரு டிராக்டரைத் தவிர யாரும் இல்லாததை நினைத்தேன்.

டண்டீ, செயின்ட் ஆண்ட்ரூஸ் பக்கம் பிள்ளைகள் படிக்கவோ வேலைக்கோ போயிருக்கிற யாங்கோன்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கார் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கூப்பருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கும் நடுவில் ஓடுகிற பஸ் டேர்சி வழியாகத்தான் போகிறது. இறங்கித் தெற்கே போகிற அந்தச் சந்து எங்கே என்று கேட்டு நடங்கள். கோயில் கதவு திறக்காது, அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஜூனில் போனால் ராத்திரி பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும், காற்று மட்டும் நம் டிசம்பர் போல் இருக்கும், ஸ்வெட்டர் வேண்டும். சாப்பாடு கையோடு கொண்டுபோங்கள். பலாச்சாங் இரண்டு டப்பாவாக எடுத்துக்கொள்ளுங்கள், அந்தப் பெரியவர் மறுபடி வந்தாலும் வருவார்.